பக்கத்துத் தோட்ட விவசாயி அவர்களுக்கு

ஓக்அரிக், ஃபெர்கானா
11 பிப்ரவரி 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி அவர்களுக்கு,

வாய்க்காலுக்குத் தெற்கே உள்ள பாதித் தோட்டத்தில் செர்ரி பயிரிடும் துர்சுன் எழுதும் அறிவிப்பு. வடக்குப் பாதி தங்கள் பொறுப்பில் இருப்பதால் இது தங்களுக்கு வருகிறது.

இந்த ஆண்டு செர்ரியைக் கொரியாவுக்கு அனுப்ப விண்ணப்பித்திருக்கிறேன். அதற்குத் தோட்டம் அங்கீகாரம் பெற வேண்டும். அங்கீகாரம் கிடைத்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். அந்த எண் அச்சிடாத பெட்டி விமானத்தில் ஏறாது. ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து நஃபாசத் என்ற பெண் வந்து விதிகளைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பூச்சிப் பொறி கட்டி வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். என்ன மருந்து, என்றைக்கு, யார் அடித்தது என்று குறிக்க வேண்டும். உதிர்ந்த பழம் தரையில் கிடக்கக் கூடாது. பேக்கிங் கொட்டகைக்குள் செர்ரியைத் தவிர வேறு எந்தப் பழமும் வரக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு எதைத் தெரிவித்தாலும் எழுத்தில் தெரிவித்து, நகல் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். மூன்று வருடமாக நாம் பேசிக்கொள்வதில்லை என்பதால் இந்தக் கடைசி விதி எனக்கு வசதியாகவே இருக்கிறது.

நிலப்பத்திரம் இன்னும் அப்பா பேரில் ஒரே துண்டாக இருக்கிறது. தோட்டத்தை நாம் பிரித்துவிட்டோம், காகிதம் பிரியவில்லை. எண் வந்தால் இரண்டு பாதிக்கும் சேர்ந்தே வரும், வராவிட்டாலும் அப்படித்தான். ஆகவே தங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது.

எண் கிடைத்தால் நான் ஊரில் இருப்பேன். கிடைக்காவிட்டால் மறுபடி சமாராவுக்குப் போய் ரஷ்யர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பேன். இதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

பதிலை அண்ணியிடம் கொடுத்தனுப்பலாம்.

துர்சுன்


14 பிப்ரவரி 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி யோல்தாஷ் எழுதிக்கொள்வது,

உன் அறிவிப்பு கிடைத்தது. உன் அண்ணி ரிசாலத் அதைக் கொண்டுவந்து நீட்டியபோது கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துக் கை கழுவிவிட்டு வந்து வாங்கினேன். "உங்க தம்பிதாங்க எழுதியிருக்கான்"னாள். இல்லை, இதை எழுதியவர் பக்கத்துத் தோட்டக்காரர், எனக்குத் தம்பி யாரும் இல்லை என்று காகிதமே சொல்கிறது என்றேன்.

ஒரு எட்டில் தாண்டக்கூடிய வாய்க்கால். ஆடு கூடத் தாண்டுகிறது. அந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று தபால் வாங்கும்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

நீ மூன்று வருடக் கணக்கை ஆரம்பித்ததால் நானும் சொல்கிறேன், உன் கோப்பில் இதற்கும் ஒரு நகல் இருக்கட்டும். மச்சான் மகள் கல்யாணத்துக்கு நான் மர்கிலான் போயிருந்த அன்றைக்கு நீ அப்பா வைத்த ஆப்ரிகாட் வரிசையை வெட்டிச் சாய்த்தாய். திரும்பி வந்து பார்த்தபோது அடுக்கிவைத்த விறகுதான் இருந்தது. உன் பாதி, உன் இஷ்டம், சரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதானே நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்தாய்? என் பக்கம் மிச்சமிருக்கிற ஆப்ரிகாட் மரங்களை எந்த விதி வந்து கேட்டாலும் தொடவிட மாட்டேன். இதை எழுதி வைத்துக்கொள்.

கொரியாக்காரனுக்கு நம் பழத்தின் மேல் இவ்வளவு சந்தேகம் இருந்தால் அதை ஏன் தின்ன ஆசைப்படுகிறான் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். சமாரா என்று நீ எழுதியதற்காகப் போடவில்லை. ரிசாலத் போடாமல் சோறு கிடையாது என்றாள், அதனால் போட்டேன்.

யோல்தாஷ்


26 மார்ச் 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி அவர்களுக்கு,

கையெழுத்துக்கு நன்றி.

தங்கள் பாதியில் நஃபாசத் கட்டிய இனக்கவர்ச்சிப் பொறிகளில் ஒன்றைக் காணவில்லை. நேற்று ஹுல்கார் முட்டை வாங்கத் தங்கள் வீட்டுக்கு வந்தபோது அது கோழிக்கூண்டுக்கு மேல் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். என் மனைவி பொய் சொல்கிறவள் இல்லை. அந்தப் பொறிக்குள் பெண் அந்துப்பூச்சியின் வாசனை இருக்கிறது. ஆண் பூச்சி அதை நம்பி வந்து பசையில் ஒட்டிக்கொள்ளும். கோழிக்கூண்டு ஈக்கு அந்த வாசனையில் ஒரு ஆர்வமும் கிடையாது. தயவுசெய்து பழைய மரத்திலேயே கட்டிவிடவும்.

இன்னொன்று. பழம் பறிக்கிறவர்களுக்குத் தோட்டத்துக்குள்ளேயே கழிப்பறையும், சோப்போடு கை கழுவும் தொட்டியும் இருக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் கட்டப்போகிறேன். மறைப்புத் தகடு தங்கள் பக்கம் பார்த்திருக்கும். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்.

துர்சுன்


30 மார்ச் 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி எழுதிக்கொள்வது,

பொறியைத் திருப்பிக் கட்டிவிட்டேன். ஈ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆண் ஈயா பெண் ஈயா என்று நான் பார்க்கவில்லை.

உன் நஃபாசத் செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். கையில் அட்டை, காதில் பேனா.

"மாமா, மரத்துக்கு மருந்து அடிச்சிட்டு என்ன பண்ணுவீங்க?"

"டீ குடிப்பேன்."

"கை கழுவுவீங்களா?"

"டீ குடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மாமா, நான் இதை எழுதணும்."

"அப்ப முன்னாடின்னு எழுதிக்கோ தாயி."

சிரித்தாள். நல்ல பெண்தான். பிறகு என் ஆப்ரிகாட் மரங்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வெட்டச் சொல்லுவாள் என்று அரிவாளைப் பார்க்கிற ஆடு மாதிரி நின்றேன். வெட்ட வேண்டாம், செர்ரிக்கு அடிக்கிற அன்றே இதற்கும் அடியுங்கள், உதிர்ந்ததைப் பொறுக்கிவிடுங்கள், போதும் என்றாள். அவ்வளவுதானாம். அதாவது, நீ வெட்டியது கொரியாக்காரன் கூடக் கேட்காத வெட்டு.

கழிப்பறைக்கு ஆட்சேபணை இல்லை. அப்பா இந்தத் தோட்டத்தில் ஐம்பது வருஷம் புதர் மறைவிலேயே சமாளித்தார் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

யோல்தாஷ்


17 ஏப்ரல் 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி அவர்களுக்கு,

பனி விழுந்த விடியலில், பூ கருகாமல் இருக்க, என் பாதியிலும் யாரோ வைக்கோல் மூட்டம் போட்டிருக்கிறார்கள். நானும் ஹுல்காரும் கிழக்கு மூலையில் மூட்டம் போட்டுவிட்டு மேற்கே ஓடினால் அங்கே ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. மேற்கு வரிசைப் பூ முழுக்கத் தப்பித்தது. செய்த வேலைக்கு எதிரே செய்தவர் பெயரை எழுத வேண்டும். யார் பெயரை எழுத?

துர்சுன்


17 ஏப்ரல் 2018

காற்று என்று எழுதிக்கொள். என் பக்கத்து நெருப்பு காற்றில் வந்திருக்கும்.

யோல்தாஷ்


28 மே 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி அவர்களுக்கு,

ஜூன் நான்காம் தேதி கொரியாவிலிருந்து ஆய்வாளர் வருகிறார். ஹான் என்று பெயர். தோட்டத்தையும் கொட்டகையையும் பார்த்து, பழத்தை அறுத்துப் பார்த்து, அன்றைக்கே எண்ணுக்குச் சம்மதம் சொல்வார் அல்லது மறுப்பார். இந்த வருடத்துக்கு இன்னொரு ஆய்வு கிடையாது.

நஃபாசத் நாலு முறை சொல்லிவிட்டாள், நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்குள் வேறு பழம் வரவே கூடாது. சந்தையில் வாங்கிய வாழைப்பழம் கூட. ஒரு புழு அங்கே கண்ணில் பட்டால், அது எந்தப் பழத்திலிருந்து வந்தது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்குத் தங்கள் பாதியை நஃபாசத்தே சுற்றிக் காட்டுவாள். தாங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை.

துர்சுன்


29 மே 2018

பக்கத்துத் தோட்ட விவசாயி எழுதிக்கொள்வது,

வர வேண்டிய அவசியம் இல்லை. இந்த வரியை நான் ரிசாலத்துக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் மாவு பிசைய ஆரம்பித்தாள்.

கடல் தாண்டி ஒரு மனிதன் நம் அப்பா தோட்டத்துக்கு வருகிறான். மூத்தவன் இருபதடி தூரத்தில் உயிரோடு இருக்கிறான். மூத்தவன் வந்து ஸலாம் சொல்லவில்லை. வந்தவன் தன் ஊருக்குப் போய் என்ன சொல்வான்? அங்கே செர்ரி நன்றாக இருக்கிறது, குடும்பம் அழுகிப்போயிருக்கிறது என்பான்.

ஆய்வாளர், விருந்தாளி இல்லை என்று நீ சொல்லுவாய். நம் வாசலைத் தாண்டி வந்து தேநீர் குடிக்கிறவனுக்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

கவலைப்படாதே. அவசியமில்லாத இடத்துக்கு நான் வருவதில்லை.

யோல்தாஷ்


5 ஜூன் 2018

துர்சுன்,

விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அதற்கு முன்னால் நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

வரக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து வேலி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஹான் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக மரம் மரமாகப் போனார். என் பக்கமும் வந்தார். தரையில் ஒரு பழம் கூட இல்லை, விடியலிலேயே பொறுக்கிவிட்டேன். நஃபாசத் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் மழை பிடித்தது. நீங்கள் முற்றத்தில் போட்டிருந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடுவதைப் பார்த்தேன். விரிப்பில் ரொட்டியும் வாதுமையும் தேநீரும். பழம் இல்லை. ஜூன் மாதம், ஃபெர்கானாவில், வந்தவன் முன்னால் ஒரு பழத்தட்டு இல்லை.

பழப்பெட்டி வைக்கிற இடத்தைப் பற்றித்தான் உன் விதி என்று நினைத்தேன், சாப்பிட உட்கார்கிற விரிப்பைப் பற்றி இல்லை என்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முதலில் பழுத்த ஆப்ரிகாட் மரத்தில் நல்லதாகப் பார்த்துப் பறித்துத் தட்டில் அடுக்கி, நனையாமல் கோட்டுக்குள் மறைத்து, வாய்க்காலைத் தாண்டினேன்.

நான் வாசலில் நின்றபோது ஹுல்கார் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். நஃபாசத் எழுந்தேவிட்டாள். ஏதோ தப்பு என்று அப்போதே உறைத்தது. ஆனால் நீ எழுந்து வந்தாய். இரண்டு கையாலும் தட்டை வாங்கினாய்.

"வாங்கண்ணா. நனைஞ்சிட்டீங்களே. உள்ள வாங்க."

நான் யார் என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டதற்கு, "எங்கண்ணன்"னாய். ஹான் எழுந்து இடுப்பு வரை குனிந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன்.

அவர் ஒரு ஆப்ரிகாட்டை எடுத்து அப்படியே வாயில் போடப் பார்த்தார். நான்தான் தடுத்தேன். இந்த வாயைத் தைக்க வேண்டும். "பிளந்து பார்த்துச் சாப்பிடுங்க, நாங்க எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுவோம்" என்று. குழந்தையிலிருந்து எல்லோருக்கும் சொல்வதுதானே. அவர் மரியாதையாகப் பிளந்தார். உள்ளே அது சாவகாசமாகப் படுத்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துப் புழுவை அதற்குள் விட்டு மூடினார். அதற்குப் பிறகு யாரும் தேநீர் குடிக்கவில்லை.

இப்போது என் கேள்வி. விதி எனக்குச் சரியாகப் புரியவில்லை. உனக்குப் புரியும். மனப்பாடமாகத் தெரியும். வாசலிலேயே, "அண்ணா, இது வேண்டாம், வெளியில வச்சிருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. தட்டைப் பார்த்தாய், தெரிந்தே வாங்கினாய். ஏன்டா வாங்கினாய்?

யோல்தாஷ்


7 ஜூன் 2018

அண்ணா,

புழு இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். உங்கள் பக்கம் முதலில் பழுக்கிற அந்த மரத்தில் வருடா வருடம் புழு உண்டு. சின்ன வயதில் அந்த மரத்துப் பழத்தைப் பிளக்காமல் நாம் தின்றதே இல்லை.

நீங்கள் வாசலில் நனைந்து நின்றீர்கள். மூன்று வருடமாகத் தாண்டாத வாய்க்காலைத் தாண்டி வந்திருந்தீர்கள், கையில் நான் வெட்டியது போக மிஞ்சிய மரத்துப் பழத்தோடு. திருப்பிக் கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பீர்கள். அதற்கப்புறம் வந்திருக்க மாட்டீர்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தெல்லாம் செய்யவில்லை, கை தானாக நீண்டுவிட்டது. விதிப்படி நான் செய்தது தவறு. நாளைக்கு நீங்கள் அதே தட்டோடு வந்தாலும் வாங்குவேன்.

ஆய்வாளர் அறிக்கை வந்துவிட்டது. கொட்டகைக்குள் வெளிப்பழம், அதில் உயிருள்ள புழு. இந்த வருடத்துக்கு எண் இல்லை. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வேலையைச் செய்தார்.

பழத்தைக் குவாவுக்கு லாரி ஏற்றிச் சந்தையில் தள்ளிவிட்டேன். இருபத்தி மூன்றாம் தேதி சமாராவுக்குக் கிளம்புகிறேன். ஹுல்காரும் பிள்ளைகளும் இங்கேதான் இருப்பார்கள். என் பக்கத்துத் தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். வந்தால் கிளம்ப மனசு வராது என்பதால் எழுதுகிறேன்.

துர்சுன்


சமாரா
11 நவம்பர் 2018

அண்ணா,

இங்கே பனி பிடித்துவிட்டது. ஒன்பது மாடிக் கட்டடம், நான் ஏழாவதில் பூச்சு வேலை செய்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் ஹுல்கார் எல்லாம் சொல்கிறாள், உங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறாள்.

தோட்டத்தில் தொங்கும் பொறிகள் நிறுவனத்துடையவை. நஃபாசத் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழிப்பறையைக் கோழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ஆள் ஒருவன் ஊருக்கு வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

துர்சுன்


ஓக்அரிக்
20 பிப்ரவரி 2019

துர்சுன்,

பொறிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கழிப்பறையில் கோழி இல்லை.

ஹுல்கார் ஏன் பேச்சை மாற்றுகிறாள் என்றால் நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். போன வாரம் நானும் அவளும் நஃபாசத்தும் உட்கார்ந்து மறுபடி விண்ணப்பம் போட்டுவிட்டோம். மருந்துக் கணக்கு ஹுல்கார் எழுதுகிறாள், அவள் எழுத்து உன்னுடையதை விட நன்றாக இருக்கிறது. பொறியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தொழுகைக்குப் போகும் முன் நான் பார்ப்பேன். போன பருவக் கடைசியில் என் பக்கத்துப் பொறியில் ஒட்டியிருந்த அந்துப்பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், ரிசாலத் வந்து நின்று, "பேரப்பிள்ளைங்க பேரே ஒழுங்கா நினைவில்ல, இதுங்களை எண்ணிக்கிட்டு இருக்காரு மனுசன்"னாள்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறோம். ஆள் ஊரில் இல்லையே என்று நஃபாசத் தயங்கினாள். அப்படியானால் பொறுப்பாளர் வரும்வரை மாற்றாள் என்று என் பெயரைப் போடு என்றேன். போட்டாள்.

உனக்கும் எனக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால்தான் அப்பா உனக்குத் துர்சுன் என்று பெயர் வைத்தார், இருக்கட்டும், இவனாவது இருக்கட்டும் என்று. உன் இருபது வயதிலிருந்து பார்க்கிறேன், நீ இருந்த நாளை விடப் போன நாள்தான் அதிகம். கோபத்தில் எழுதவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யோல்தாஷ்


சமாரா
2 மே 2019

அண்ணா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது.

ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று இருக்கிறேன். ஒருமுறை மறுத்த தோட்டத்தை இரண்டு மடங்கு உற்றுப் பார்ப்பார்கள். இங்கே ஒப்பந்தக்காரன் குளிர்காலம் வரைக்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறான். ஜூன் பாதி வரை சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவேன், அதற்கு மேல் முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆய்வாளர் வரும் அன்று யார் வந்தாலும் போனாலும், அவர் முன்னால் பழத்தட்டு வைக்காதீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

துர்சுன்


ஓக்அரிக்
10 ஜூன் 2019

துர்சுன்,

இன்றைக்கு மதியம் வந்துவிட்டுப் போனார். அதே ஹான். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சமாளித்து வாசித்துக்கொள்.

விரிப்பைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே போடவில்லை. முற்றத்து முசுக்கொட்டை மரத்தடியில் போடலாமா என்று நஃபாசத்திடம் கேட்டேன். "மாமா, அதுல இருந்து உதிர்றது என்ன?" என்றாள். பார்த்தால் அதுவும் பழம். கடைசியில் வெயிலில், கோழி கூட ஒதுங்காத இடத்தில் விரித்தோம். ரொட்டி, தேநீர், கற்கண்டு. என் ஐம்பத்தெட்டு வயதில் பழமில்லாத விரிப்பில் ஒரு ஆளை உட்காரவைத்தது இன்றைக்குத்தான். வெட்கத்தில் நான் தலையைத் தூக்கவே இல்லை. அண்டை வீட்டார் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ரிசாலத் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

அவர் இரண்டு பாதியையும் அடி அடியாகப் பார்த்தார். பொறிகளைக் கழற்றிப் பார்த்தார். கை கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்து, தானே சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தார். செர்ரியை அறுத்தார், அறுத்தார், அறுத்துக்கொண்டே இருந்தார். ஹுல்கார் தலைத்துணி முனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நஃபாசத்திடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எண் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் விரிப்புக்கு வந்தார். ரொட்டியைப் பார்த்தார், கற்கண்டைப் பார்த்தார், மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே, "போன வருஷம் நான் பிளந்த பழத்தை அன்னைக்குச் சாப்பிட முடியலை, இந்த வருஷம் அது இல்லையான்னு கேக்குறார்"னான்.

"இருக்கு. ஆனா இங்க இல்ல. வாய்க்காலைத் தாண்டணும்"னேன்.

வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் கழற்றி மடித்துக் காரில் வைத்துவிட்டு வந்தார். பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே எட்டில் தாண்டினார். என் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத் தின்றார். ஒன்றில் கூடப் புழு இல்லை. மருந்து அடிக்கிற நாளில் அந்த மரத்தையும் நான் விடவில்லை. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான், அந்த மரத்துப் பழத்தில் புழு இல்லாமல் நான் பார்த்ததில்லை.

போகும்போது, "தம்பி எங்கே?" என்று கேட்டார். சமாராவில் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதை நீதான் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஹுல்கார் போனில் படமெடுத்து இப்போதே உனக்கு அனுப்புவாள். அதனால் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. பொறியை வாரா வாரம் பார்க்க வேண்டும், பார்த்ததற்குப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றாள் இத்தனை மாதம் போட்டுவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமையும் போடுவார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் போடமாட்டார்.

அண்ணன்